யாழை மீட்ட அடிகளார்

பண்டைத் தமிழர் போற்றிய இசைக்கருவிகளுள் தலையாயது யாழ். பாணர் அதனைத் தோளில் தாங்கி வள்ளல்களை நாடிச் சென்றனர். மாதவி அதன் நரம்பினைத் தடவிக் கானல்வரி பாடினாள். ஆயினும் காலப்போக்கில் அக்கருவி வழக்கொழிந்தது. கோயில் சிற்பங்களிலும் ஏட்டுச் சுவடிகளிலும் மட்டுமே அதன் சுவடு எஞ்சி நின்றது. உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டபோது, யாழின் உறுப்புகளும் நரம்புகளும் இசைமுறையும் அந்நூலுள் விரிவாகப் பேசப்படுதலைக் கற்றோர் கண்டனர். ஆனால் யாழைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இலர். வீணையே யாழ் என்று கொண்டவரும் பலர். அதே 1892ஆம் ஆண்டில், இலங்கையின் கீழ்க்கரையில் மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள காரைதீவு என்னும் சிற்றூரில், அக்குறையை நீக்கவிருந்த குழந்தை பிறந்தது. பெற்றோர் சாமித்தம்பியாரும் கண்ணம்மையாரும் அக்குழந்தைக்கு மயில்வாகனன் எனப் பெயரிட்டனர். பிற்காலத்தில் விபுலானந்த அடிகள் என உலகம் போற்றியது அவரையே.

மயில்வாகனனார் இளமையில் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்றார். கணிதமும் அறிவியலும் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தன. 1916ஆம் ஆண்டில் அறிவியலில் பட்டயம் பெற்ற அவர், அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் வெற்றி பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் அவருக்குக் கிட்டியது. யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராகவும், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைவராகவும் பணியாற்றினார். பொருளும் புகழும் எளிதில் வந்தடையும் நிலை அது. அந்நிலையில் அவர் அனைத்தையும் துறந்து, 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். பின்னர் இலங்கைக்கு மீண்டு பள்ளிகள் பல வளரப் பாடுபட்டார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் உள்ள சிவானந்த வித்தியாலயம் அவர் உழைப்பால் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார்.

கணிதம் கற்ற மூளையும் பழந்தமிழ் கற்ற நெஞ்சும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அத்தகையவர் ஒருவருக்காகவே காத்திருந்தது எனலாம். பலர் அக்காதையை அருஞ்சொற்களின் குவியல் என அஞ்சி விலகினர். அடிகளோ அதனுள் ஓர் அளவு முறை ஒளிந்திருத்தலைக் கண்டார்.

அம்முறை யாது? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசை. யாழில் ஒவ்வோர் இசைக்கும் ஒவ்வொரு நரம்பு உண்டு. வீணையில் போல மெட்டுகளின்மேல் விரலை அழுத்தி ஒரே தந்தியில் பல இசைகளை எழுப்புதல் யாழில் இயலாது. ஆகவே ஒவ்வொரு நரம்பையும் அதற்குரிய இசையில் முன்னரே நிறுத்தல் வேண்டும். தாரத்திலிருந்து உழையும், உழையிலிருந்து குரலும், குரலிலிருந்து இளியும், இளியிலிருந்து துத்தமும், துத்தத்திலிருந்து விளரியும், விளரியிலிருந்து கைக்கிளையும் பிறக்கும் என்பது பழைய உரைகள் கூறும் வரிசை. ஒரு நரம்பையும் அதற்கு இளியாகிய ஐந்தாம் நரம்பையும் சேர்த்து ஒலிப்பித்து, இரண்டும் இனிது பொருந்தும் வரை முறுக்கிக்கொண்டே செல்லுதல் என்பது இதன் பொருள்.

இதனை எண்ணால் காட்டுவோம். குரல் நரம்பு நொடிக்கு 240 முறை அதிர்வதாகக் கொள்வோம். இளி அதனினும் ஒன்றரை மடங்கு, ஆதலின் 360. இளிக்கு இளி 540. அதனைப் பாதியாக்கி மேல் தானத்திலிருந்து கீழே இறக்கினால் துத்தம் 270 ஆகும். உழை 320 ஆகும். இவ்வாறு ஏழு நரம்புகளையும் நிறுத்திவிட்டால், இன்று நாம் அரிகாம்போதி என்று வழங்கும் இசைவரிசையை ஒத்த ஒன்று கிடைக்கிறது. ஆனால் இச்சங்கிலியில் ஒரு பெரிய இடரும் உண்டு. குரல் நரம்பு சிறிது தளர்ந்து 236 ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதனைக் கொண்டு பிறவற்றை நிறுத்தினால் இளி 354 ஆகவும், துத்தம் 265½ ஆகவும் இழிந்துவிடும். அதற்குமுன் சரியாக நிறுத்திய உழையோ 320இலேயே நிற்கும். ஒரு நரம்பின் பிழை அதன் பின்வரும் நரம்புகளையெல்லாம் பற்றிக்கொள்ளும். பண் முழுதும் கெடும்.

நரம்பு ஏன் தளர்கிறது? யாழின் அமைப்பை நோக்கினால் இது விளங்கும். கீழே தோல் போர்த்த பத்தர்; அதிலிருந்து வில்போல் வளைந்து எழும் கோடு; கோட்டின்மேல் இறுகச் சுற்றிய வார்க்கட்டுகளாகிய திவவுகள்; பத்தருக்கும் திவவுக்கும் இடையே நரம்புகள். திவவு நழுவினால் நரம்பு தளரும். புதிய நரம்பு சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். மழைக்காலத்து ஈரம் தோலையும் நரம்பையும் மாற்றும். இவையன்றி வேறொன்றும் உண்டு: ஒரு நரம்பை மிக இறுக்கினால் வளைந்த கோடு சிறிது வளைந்து கொடுக்கும், அதனால் மற்றை நரம்புகள் தாமே தளரும். ஆகவே யாழ்ப்பாணன் ஏழையும் ஒருமுறை நிறுத்திவிட்டு ஓய்ந்திருத்தல் இயலாது. மீண்டும் முதலிலிருந்து சரிபார்த்தல் வேண்டும்.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. இன்று ஊரப்பாக்கத்திலோ தாம்பரத்திலோ மின்சாரக் கிதார் பயிலும் இளைஞரும் இதே தொல்லையை அறிவர். அக்கருவிகள் சிலவற்றில் டிரெமலோ என்னும் கைப்பிடி உண்டு. அதனை அசைத்தால் பாலம் சாய்ந்து சுருதி நெளியும். பாலத்தை ஒருபுறம் தந்திகளும் மறுபுறம் சுருள்வில்களும் இழுத்து நிற்கின்றன. ஒரு தந்தியை இறுக்கினால் பாலம் முன்சாய்ந்து மற்றை ஐந்தும் இறங்கிவிடும். எல்லாத் தந்திகளையும் சிறிது சிறிதாக, பலமுறை சுற்றிவந்து நிறுத்துவதே வழி. யாழ்ப்பாணன் செய்ததும் அதுவே. பருமா நாட்டு வில்யாழாகிய சவுங் என்னும் கருவியிலும் நரம்புகளை வளைந்த கோட்டின்மேல் கயிற்றால் கட்டி, அக்கட்டைத் திருகிச் சுருதி சேர்ப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம்.

பழந்தமிழர் இக்குறைகளை ஆராய்ந்து பெயரிட்டும் வைத்தனர். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்பன நரம்பின் குற்றங்கள். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசை மண்டபத்தில் தன்முன் கொணர்ந்த யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்றன் மரம் நீரில் நின்று இளகியது, ஒன்று தீயில் வெந்தது, ஒன்று இடியுண்டது, ஒன்று வாளால் வெட்டுண்டது. நரம்பினுள் புகுந்த மயிரையும் அவன் கண்டு காட்டுகிறான். பாடுவதற்கு முன் கருவியைச் சோதிக்கும் இக்காட்சியைக் கதைச்சுவை என்று மட்டும் கடந்துவிடுதல் தகாது. மரத்தின் ஈரமும் நரம்பின் புரியும் சுருதியைக் கெடுக்கும் என்னும் கைத்தொழில் அறிவு அதனுள் அடங்கியுள்ளது.

இத்தகைய செய்திகளையெல்லாம் அடிகள் பல நூல்களிலிருந்து திரட்டினார். சிற்பங்களோடும் பிறநாட்டுக் கருவிகளோடும் ஒப்பிட்டார். வில்லினின்றும் பிறந்த யாழ் வேறு, வீணை வேறு என்று நிறுவினார். இப்பணி பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்தது. இடையே அவருக்கு அமைதியான வாழ்வும் வாய்க்கவில்லை. கலைச்சொல்லாக்கப் பணி அவரைச் சென்னைக்கு அழைத்தது. ஆங்கில இதழொன்றின் ஆசிரியப் பொறுப்பு இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதிக்குக் கொண்டுசென்றது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். சென்ற இடமெல்லாம் யாழ் பற்றிய கணக்குகளும் உடன் சென்றன. உடல்நலமோ குன்றிக்கொண்டே வந்தது. நூல் முடியுமுன் அவர் மறைந்திருப்பின், அவர் கண்ட முறை மீண்டும் ஏட்டினுள்ளேயே புதைந்திருக்கும்.

அவ்வாறு நேரவில்லை. யாழ் நூல் ஏழு இயல்களாக நிறைவெய்தியது. கரந்தைத் தமிழ்ச் சங்கமும் கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியாரும் அதன் வெளியீட்டுக்குத் துணை நின்றனர். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. ஆற்றைக் கடக்க ஓடக்காரன் இல்லாதபோது திருஞானசம்பந்தர் பதிகம் பாட, ஓடம் தானே சென்றது என்று சொல்லப்படும் ஊர் அது. அடிகளின் கணக்கின்படி செய்த முளரியாழ் முதலிய கருவிகளைத் தாங்கிச் சென்றனர். பல நூற்றாண்டுகளாக எழாதிருந்த யாழின் ஒலி அங்குக் கூடியோர் செவியில் விழுந்தது. அடிகள் கண்ட முடிவுகள் சிலவற்றைப் பிற்கால இசையறிஞர் எல்லாரும் ஒப்பினர் என்று சொல்லுதற்கில்லை. ஆயினும், யாழைப் பற்றி ஆராயப் புகுவோர் அந்நூலைத் தொடாது மேற்செல்ல முடியாது.

அரங்கேற்றம் முடிந்து இரண்டு திங்களும் நிறையவில்லை. 1947ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் அடிகள் கொழும்பில் இயற்கை எய்தினார். அவர்தம் உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பெற்று, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றது.