சேரிக்குச் சென்ற பேராசிரியர்

காவி உடை என்றதும் நம் தோழர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு. காரணம் இல்லாமலும் அல்ல! ஆயினும், ஒருவரை அளக்க வேண்டியது உடையைக் கொண்டல்ல, உழைப்பைக் கொண்டே என்போம் நாம். விபுலானந்த அடிகளை அப்படி அளந்து பார்ப்போம்.

இலங்கையின் கிழக்குக் கரையில், காரைதீவில், 1892 இல் பிறந்தவர். இயற்பெயர் மயில்வாகனன். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. தமிழும் விஞ்ஞானமும் ஒருவரிடமே குடிகொண்டன. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924 இல் துறவியானார்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 இல் தோன்றிற்று. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931 இல் அமர்ந்தார். வகுப்பு முடிந்தால் வீடு, வீடு விட்டால் வகுப்பு என்று இருந்தாரா? இல்லை. அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்றார். அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்.

எந்த ஊரில் இதைச் செய்தார்? நந்தன் உள்ளே நுழைய நெருப்பில் இறங்க வேண்டும் என்று கதை சொன்ன தில்லையில்! சேரியிலிருந்து வந்தவனுக்கு அன்று தீ மூட்டினர். இவரோ சேரிக்குத் தாமே நடந்து சென்று அறிவு விளக்கேற்றினார். துறவு எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விடை உண்டோ?

தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்று ஏளனம் பேசியோர் மலிந்திருந்த காலம் அது. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகள் தலைமை தாங்கினார். இயந்திரத்தோடு மல்லாடும் தொழிலாளி, அது இயங்கும் விதத்தைத் தாய்மொழியில் அறிய வேண்டாமா? அதற்குச் சொல் வேண்டும். அந்தச் சொல்லைத் தேடிய முன்னோடிகளில் ஒருவர் அவர்.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். மறைந்துபோன பழந்தமிழர் யாழின் இலக்கணத்தைக் கணக்காலும் விஞ்ஞானத்தாலும் பல்லாண்டு ஆராய்ந்து, 'யாழ் நூல்' படைத்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19 இல், மறைந்தார். வயது 55.

அவர் கடவுட் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆனால் கற்றவன் கடன் என்ன என்பதில் வேற்றுமை இல்லை. மதிலுக்குள் கற்றதை மதிலுக்கு வெளியே நிற்பவனுக்குக் கொண்டு சேர்ப்பதே அக்கடன்! படித்த தோழர்காள், மாலையில் ஒரு மணி நேரம் போதும். உங்கள் ஊர்த் திருவேட்களத்துக்குச் செல்லுங்கள்.