மருந்தை மக்களுக்கு ஈந்த மருத்துவர்

நவம்பர் 14 என்றதும் நம் நினைவுக்கு வருவது குழந்தைகள் தினம். நேரு மாமாவின் பிறந்தநாளை ஆடிப்பாடிக் கொண்டாடுகிறோம். அதே நாளில் பிறந்த இன்னொருவரையும் உலகம் நன்றியோடு நினைக்கிறது. அவருடைய உழைப்பால் இன்று எத்தனையோ குழந்தைகள் உயிரோடு பள்ளிக்குச் செல்கிறார்கள். அவர்தாம் இன்சுலின் தந்த டாக்டர் பிரெடரிக் பாண்டிங். அவர் பிறந்த நாளே உலக நீரிழிவு தினம்.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், அலிஸ்டன் என்னும் ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் 1891-ஆம் ஆண்டு பாண்டிங் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. மகன் போதகராக வேண்டும் என்பது குடும்பத்தாரின் ஆசை. டொரண்டோ நகரில் கலைப் பிரிவில் சேர்ந்த அவர் முதலாண்டிலேயே தேர்வில் தோற்றார். ஆயினும் மனம் தளரவில்லை. 1912-இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, 1916-இல் பட்டம் பெற்றார். மதிப்பெண் குறைந்தால் மூலையில் உட்கார்ந்து அழும் நமக்கு இது நல்ல பாடமல்லவா?

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவ மருத்துவராகப் பிரான்சு சென்ற பாண்டிங், 1918-இல் காம்பிரே போர்க்களத்தில் கையில் காயமுற்றார். தம் காயத்தைப் பொருட்படுத்தாமல் மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். அதற்காக ராணுவச் சிலுவை என்னும் விருது பெற்றார்.

போர் முடிந்து, 1920-இல் கனடாவிலுள்ள லண்டன் நகரில் மருத்துவமனை திறந்தார். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் வெறும் 4 டாலர்! செலவுக்காகப் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகப் பாடம் நடத்தினார். அக்டோபர் கடைசியில் ஓர் இரவு, மறுநாள் பாடத்துக்காகக் கணையத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். உறக்கம் வரவில்லை. நள்ளிரவு கடந்து எழுந்து, தமக்குத் தோன்றிய ஓர் எண்ணத்தைக் குறித்து வைத்தார்.

அந்த எண்ணம் என்ன? கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள லாங்கர்கான் திட்டுகள் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருளைச் சுரக்கின்றன. கணையத்தை அரைத்துச் சாறு எடுத்தால் செரிமான நீர் அந்த அரிய பொருளை அழித்துவிடும். கணைய நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமானச் செல்கள் வாடிவிடும். திட்டுகள் மட்டும் எஞ்சும். பிறகு சாறு எடுத்தால் என்ன? இதுவே அவர் எண்ணம்.

அக்காலத்தில் நீரிழிவு கண்ட குழந்தை பிழைப்பது அரிது. உணவைக் குறைத்துப் பட்டினி போடுவதே ஒரே வைத்தியம். பெற்றோர் கண்ணெதிரே பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி மடிந்தனர்.

டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்லியோட் முதலில் தயங்கினாலும், ஆய்வுக்கூடமும் 10 நாய்களும் கொடுத்து, சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரையும் துணைக்கு அளித்தார். 1921 மே மாதம் வேலை தொடங்கியது. கோடை வெயிலில் இருவரும் இரவு பகலாக உழைத்தனர். செலவுக்காகப் பாண்டிங் தம் காரையும் விற்றார். நாய்கள் பல இறந்தன. கடைசியில் அவர்கள் எடுத்த சாறு நாயின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. பின்னர் காலிப் என்ற உயிர்வேதியியலார் சேர்ந்து அச்சாற்றைத் தூய்மையாக்கினார்.

1922 ஜனவரி 11-ஆம் நாள் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பயன் அதிகமில்லை. ஜனவரி 23-இல் காலிப் தூய்மையாக்கிய மருந்தைச் செலுத்தினர். சர்க்கரை குறைந்தது, சாகக் கிடந்த சிறுவன் தேறினான்!

இம்மருந்தைத் தனி உடைமையாக்கியிருந்தால் அவர்கள் கோடீசுவரர்கள் ஆகியிருக்கலாம். ஆனால் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-இல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தனர். வேறு எவரும் அதைக் கைப்பற்றி ஏகபோகமாக்கிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

அதே ஆண்டு பாண்டிங்குக்கும் மக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெஸ்டின் பெயர் விடுபட்டதால் வெகுண்ட பாண்டிங், தம் பரிசுப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மக்லியோட் தம் பங்கைக் காலிப்புடன் பகிர்ந்துகொண்டார். மக்லியோடின் பங்கைப் பாண்டிங் மனமார ஏற்றதில்லை. பெரியோரிடமும் குறைகள் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1941 பிப்ரவரியில், இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவரது விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. 49 வயதில் அவர் உயிர் துறந்தார்.

அவர் விட்டுச் சென்ற கொடை என்னவாயிற்று? பழைய காப்புரிமை முடிந்தது. புதுவகை இன்சுலின்கள் வந்தன. அவற்றுக்குப் புதிய காப்புரிமைகளும் வந்தன. உற்பத்தி பெரும்பாலும் மூன்று நிறுவனங்களின் கையில் இருந்தது. அமெரிக்காவில் 1996-இல் சுமார் 21 டாலருக்கு விற்பனைக்கு வந்த ஒரு புட்டியின் விலை, இருபது ஆண்டுகள் கழிந்தபின் 275 டாலர் ஆயிற்று. ஊசிக்கும் சர்க்கரை பார்க்கும் பட்டைகளுக்கும் தனிச் செலவு. காப்பீடு இல்லாத ஏழைகள் மருந்தை அளவு குறைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு. 2019-இல் அமெரிக்க நோயாளிகளும் பெற்றோரும் எல்லை தாண்டிச் சென்று, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்கு இன்சுலின் வாங்கினார்கள். எங்கே தெரியுமா? பாண்டிங் நள்ளிரவில் எழுந்து குறிப்பு எழுதிய அதே லண்டன் நகரில்!

அவர்களின் குரல் வீண்போகவில்லை. 2020-இல் மினசோட்டா மாநிலம், அவசரத் தேவைக்கு 30 நாள் இன்சுலினை 35 டாலருக்கு மிகாமல் வழங்கச் சட்டம் செய்தது. 2023 முதல் அரசுக் காப்பீட்டிலுள்ள முதியோர் மாதம் 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்றாயிற்று. அவ்வாண்டே நிறுவனங்களும் விலையை வெகுவாகக் குறைப்பதாக அறிவித்தன. எனினும், காப்பீடே இல்லாதவர்களை அந்த மத்தியச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒரு மனிதர் மனமுவந்து கொடுத்தால் மட்டும் போதாது. கொடுத்தது ஏழையின் கைக்குச் சேருகிறதா என்று காக்கப் பின்வருவோரும் வேண்டும். நம்முள் நாளை மருத்துவராகப் போகிறவர்கள் உண்டு. மருந்து செய்யவும், சட்டம் இயற்றவும் போகிறவர்களும் உண்டு. பாண்டிங் பெற்றுக்கொண்ட அந்த ஒரு டாலரை நாம் அனைவரும் நினைவில் வைப்போமாக!