உடலின் காவலரைக் கண்டறிந்தவர்

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. வலியும் சூடும் உண்டாகின்றன. இதனை அழற்சி என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர், அழற்சியை உடலுக்கு நேரும் கேடு என்றே கருதினர். அது உடல் தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் போராட்டம் என்று எடுத்துக்காட்டியவர் இலியா மெச்னிகோவ்.

மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு, இன்றைய உக்ரேன் நாட்டில் உள்ள கார்கிவ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறுவயது முதலே செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் உற்றுநோக்குவதில் அவருக்குப் பேரார்வம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர், ஒடெசா நகரப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார்.

அவருடைய இல்வாழ்க்கையில் துன்பம் மிகுந்திருந்தது. முதல் மனைவி லுத்மிலா காசநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். திருமண நாளன்று அவரை நாற்காலியில் அமர்த்தித் தேவாலயத்திற்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. மெச்னிகோவ் எவ்வளவோ முயன்றும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. 1873இல் லுத்மிலா மறைந்தார். சில ஆண்டுகள் கழித்து ஓல்காவை மணந்தார். ஓல்காவும் ஒருமுறை கடுமையான காய்ச்சலால் உயிருக்குப் போராடி மீண்டார். ஒரே நோய்க்கு ஆளாகும் இருவரில் ஒருவர் பிழைப்பதும் மற்றவர் மடிவதும் ஏன் என்ற வினாவுக்கு அக்காலத்தில் தெளிவான விடை இல்லை.

1882இல் மெச்னிகோவ் அரசியல் குழப்பங்களால் பல்கலைக்கழகப் பணியைத் துறந்து, குடும்பத்தினருடன் இத்தாலியின் மெசீனா நகருக்குச் சென்றார். அங்கே ஒரு நாள் வீட்டிலிருந்தோர் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தனர். மெச்னிகோவ் மட்டும் தனியே நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் நகர்வதைக் கண்டார். உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை எதிர்ப்பதே இவற்றின் வேலையாக இருக்குமோ என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. உடனே தோட்டத்திலிருந்து சில முட்களைப் பறித்து வந்து, அந்த உயிரியின் தோலுக்கு அடியில் செருகினார். இரவெல்லாம் அவருக்கு உறக்கம் வரவில்லை. பொழுது புலர்ந்ததும் நுண்ணோக்கியில் பார்த்தார். நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சுற்றிலும் திரண்டு நின்றன!

அடுத்து, நீரில் வாழும் டாஃப்னியா என்னும் நுண்ணிய உயிரியை ஆராய்ந்தார். அதன் உடலுக்குள் புகும் பூஞ்சை வித்துகளை உயிரணுக்கள் விழுங்கிவிட்டால், அந்த உயிரி பிழைத்தது. விழுங்க இயலாதபோது மடிந்தது. இத்தகைய உயிரணுக்கள் விழுங்கணுக்கள் எனப் பெயர் பெற்றன. நம் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் பலவும் இந்தப் பணியைச் செய்கின்றன.

எனினும், அறிஞர் உலகம் இக்கருத்தை எளிதில் ஏற்கவில்லை. வெள்ளையணுக்கள் கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புகின்றன என்று சிலர் வாதிட்டனர். இரத்தத்தின் நீர்மப் பகுதியே கிருமிகளை அழிக்கிறது என்று வேறு சிலர் கூறினர். மெச்னிகோவ் மனம் தளரவில்லை. 1888இல் பாரிஸில் உள்ள பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் சேர்ந்து, ஒவ்வொரு மறுப்புக்கும் ஓர் ஆய்வின்வழி விடையளித்தார். இறுதியில் இரு தரப்பிலும் உண்மை உண்டு என்பது தெளிவாயிற்று. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மெச்னிகோவுக்கும், நீர்மப் பகுதியின் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்கிற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

தாம் கண்டறிந்த காவலரை மெச்னிகோவ் கண்மூடித்தனமாகப் புகழவில்லை. முதுமையில் இதே விழுங்கணுக்கள் நரம்பணுக்களைத் தின்று உடலுக்குத் தீங்கு விளைவிக்கலாம் என்றும் அவர் எழுதினார். முதுமையைப் பற்றிய அவருடைய விளக்கம் முழுமையாக நிலைபெறவில்லை. ஆயினும், காக்கும் உயிரணுவே தாக்கவும் கூடும் என்ற எண்ணம் பொய்க்கவில்லை.

மெச்னிகோவ் 1916ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸில் காலமானார். அதே ஆண்டில், அதே நகரில், கியான், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய மூவரும் இரண்டு போர்வீரர்களுக்கு ஏற்பட்ட நரம்பு நோயைப் பற்றி அறிக்கை வெளியிட்டனர். அவ்வீரர்களின் கைகால்கள் வலுவிழந்திருந்தன. பின்னர், அவர்கள் தேறினர். இன்று அது கியான்-பாரே நோய் எனப்படுகிறது. அதன் காரணம் பல ஆண்டுகளுக்குப் பிறகே புலப்பட்டது. பெரும்பாலும் ஒரு தொற்றுக்குப் பின், உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியையும் நரம்பையும் பிரித்தறியாமல் தடுமாறுகிறது. தூண்டப்பட்ட விழுங்கணுக்கள், மின்கம்பியின் மேலுறைபோல் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை உரித்துவிடுகின்றன. இதனால் மூளையின் கட்டளை தசைகளைச் சரியாகச் சென்றடைவதில்லை. ஆனால், சிதைந்த உறையின் கழிவுகளை அகற்றி, நரம்பு மீண்டும் சீராக வழிவகுப்பவையும் விழுங்கணுக்களே. நோயாளிகளுள் பெரும்பாலோர் மெல்ல மெல்ல நலமடைகின்றனர்.

இன்றைய மருத்துவர்கள் நரம்பு அழற்சிக்குச் சிகிச்சை அளிக்கும்போது, எதிர்ப்பாற்றலை அழிக்க முயல்வதில்லை. அதன் தடுமாற்றத்தைத் தணிக்கவே முயல்கின்றனர். இந்த அறிவின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால், மெசீனா நகரில் ஒரு முள்ளைச் செருகிவிட்டு விடியலுக்காகக் காத்திருந்த மனிதரைக் காணலாம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிரிடமும் பாடம் கற்க முடியும் என்று நம்பிய அவருடைய வாழ்க்கை, ஆராயும் மனம் கொண்ட அனைவருக்கும் ஒரு வழிகாட்டியாகும்.