மறைமொழியும் மனத்துணிவும்

நண்பர்கள் கூடித் துப்பறிவோராக நடிப்பதும், பிறர் அறியாத மறைமொழி ஒன்றை அமைத்துப் பேசிக்கொள்வதும் சிறுவர்க்கு இனிய விளையாட்டுகள். நம் நாட்டுப்பண்ணை இயற்றிய இரவீந்திரநாத் தாகூரும் இளமையில் இத்தகைய விளையாட்டில் திளைத்தவரே.

இரவீந்திரர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கொல்கத்தாவின் ஜோராசாங்கோவில் பிறந்தார். தந்தை தேவேந்திரநாதர், தாய் சாரதா தேவி. அப்பெரிய குடும்பத்தில் பிள்ளைகளைப் பணியாளர்களே பார்த்துக்கொண்டனர். சியாம் என்னும் பணியாள் சிறுவனை ஓரிடத்தில் அமர்த்தி, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைந்துவிட்டுச் செல்வான். கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்த துன்பத்தை எண்ணி, சிறுவன் அவ்வட்டத்தை விட்டு நகரமாட்டான். சாளரத்தின் வழியே தெரிந்த குளத்தையும் ஆலமரத்தையும் நோக்கியபடி இருப்பான். குளிக்க வருவோர் ஒவ்வொருவரின் பழக்கமும் அவனுக்கு அத்துப்படியாயின. துப்பறிவோர்க்கு வேண்டிய கூர்ந்த பார்வை அவனுக்கு இவ்வாறு வாய்த்தது.

இரவீந்திரருக்குப் பதினைந்து, பதினாறு வயதிருக்கும்போது அவருடைய தமையனார் ஜோதிரிந்திரநாதர் ஓர் இரகசியச் சங்கத்தை நிறுவினார். அதன் பெயர் ஸஞ்ஜீவனீ ஸபா. அதன் தலைவர் ராஜ்நாராயண் பாசு என்னும் பெரியவர். நகரின் சந்து ஒன்றிலிருந்த பாழடைந்த வீட்டில், கதவை அடைத்து, இருட்டறையில் உறுப்பினர் கூடுவர். வேத மந்திரம் ஓதி உறுதிமொழி ஏற்பர். மெல்லிய குரலிலேயே உரையாடுவர். நாட்டின் விடுதலையே அவர்கள் நாட்டம்.

அவர்கள் தமக்கென ஒரு மறைமொழியையும் அமைத்துக்கொண்டனர். அம்மொழியில் சங்கத்தின் பெயர் ஹாம்சூபாமூஹாஃப் என மாறியது. ஸகரம் ஹகரமாகவும், ஜகரம் சகரமாகவும், னகரம் மகரமாகவும் மாறின, ஈகாரம் ஊகாரமாயிற்று. விதியை அறிந்தவர்க்கு அது பெயர். அறியாதவர்க்கு வெறும் ஒலி.

சங்கத்தார் சுதேசித் தீக்குச்சி செய்ய முனைந்தனர். பெரும்பொருள் செலவாகிச் சில பெட்டிகளே கிடைத்தன. அக்குச்சிகளோ அருகில் வேறு நெருப்பு இருந்தாலன்றி எளிதில் பற்றவில்லை! தறி ஒன்றில் நெய்யப்பட்ட ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உறுப்பினர் ஒருவர் கூத்தாடினார். பின்னாளில் தாகூர் இவற்றையெல்லாம் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்தார். ஆயினும் அவ்விளையாட்டினுள் இருந்த நாட்டுப்பற்று பொய்யன்று. தென்னாட்டைப் பஞ்சம் வாட்டிய வேளையில் 1877இல் தில்லியில் ஆடம்பரமாகத் தர்பார் நடைபெற்றது. அதனைக் கண்டித்து அவ்விளைஞர் இந்து மேளாவில் கவிதை படித்தார்.

மறைவில் மகிழும் மனம் கவிதையிலும் விளையாடியது. பழைய வைணவக் கவிஞரின் நடையில் பாடல்கள் புனைந்த அவர், அவற்றைப் பானுசிம்மன் என்னும் பெயரில் வெளியிட்டார். பானு என்றாலும் ரவி என்றாலும் ஞாயிறே. ஆகவே, புனைபெயருக்குள் அவருடைய சொந்தப் பெயரே ஒளிந்திருந்தது! பிரம்ம சமாஜ நூலகத்தில் கிடைத்த பழஞ்சுவடி என்று கூறி நண்பர் ஒருவரிடம் அப்பாடல்களைக் காட்டினார். பழங்கவிஞர்களாலும் இவ்வாறு பாட இயலாது என நண்பர் வியந்தார். பாடியவர் யார் என்ற உண்மை வெளிப்பட்டதும், பரவாயில்லை என்னும் அளவோடு அவர் பாராட்டு சுருங்கிவிட்டது.

பின்னாளில் தாகூர், குப்ததன் என்னும் சிறுகதையை எழுதினார். மறைபுதையல் என்பது அதன் பொருள். விடுகதை வடிவிலான ஒரு குறிப்பைத் தொடர்ந்து செல்லும் மனிதன் நிலத்தடிப் பொன்னறையை அடைகிறான். அங்கே அடைபட்ட அவன், பொன் வேண்டா, வானமும் வெளிச்சமுமே போதும் என்று ஏங்குகிறான்.

தாகூரின் வாழ்வும் வெளிச்சத்தை நோக்கியே சென்றது. அடைத்த வகுப்பறைகளில் மனம் ஒன்றாத அவர், 1901இல் சாந்திநிகேதனில் மரநிழலில் பாடம் நடக்கும் பள்ளியைத் தொடங்கினார். 1913இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். 1915இல் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது.

1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில், கூடியிருந்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். செய்தி பரவாமல் அரசு தடுத்தது. எனினும் உண்மை மெல்லக் கசிந்து தாகூரை எட்டியது. பலரும் வாய்திறக்க அஞ்சிய அந்நேரத்தில், அவர் இரவு முழுதும் விழித்திருந்து அரசப் பிரதிநிதிக்கு மடல் எழுதினார். தம் சர் பட்டத்தைத் துறப்பதாக அறிவித்தார். அம்மடலில் மறைமொழி இல்லை; புனைபெயர் இல்லை. நாடே படிக்குமாறு தம் பெயரையே அதில் ஒப்பமிட்டார். இருட்டறையில் மெல்லப் பேசிய இளைஞரின் நாட்டுப்பற்று, இப்போது உலகறிய ஒலித்தது.

1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த ஜோராசாங்கோ இல்லத்திலேயே தாகூர் இயற்கை எய்தினார். அவர் இயற்றிய பாடல் 1950 ஜனவரி 24 அன்று நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. அதனை நாம் நாள்தோறும் பள்ளியில் வாய்விட்டுப் பாடுகிறோம்.

பயிற்சி

1. பானுசிம்மன் என்னும் பெயரில் ஒளிந்திருந்த உண்மை யாது?
2. தாகூர் சர் பட்டத்தைத் துறந்தது ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.
3. எழுத்துகளை மாற்றும் விதி ஒன்றை நண்பர்களுடன் அமைத்து, உங்கள் பெயர்களை அதன்படி எழுதுக.