மொழியை மனத்தில் இருத்திய முனிவர்
ஹென்றீக்கஸ் அடிகளாரின் வரலாறு

மன்னார்க் கோட்டையைப் பார்க்க வரும் மாணாக்கர் இரண்டு ஆண்டுகளைத் தவறாது ஒப்புவிப்பர். போர்த்துக்கேயர் மன்னாரைக் கைக்கொண்டது 1560. ஒல்லாந்தர் அதனைப் பறித்துக்கொண்டது 1658. சோதனை முடிந்து ஒரு திங்கள் கழித்து வினவின், முன்னது பின்னதாகும், பின்னது முன்னதாகும். குற்றம் அவர்களுடையதன்று. வெறும் எண்ணைப் பற்றி நிற்க மனத்துக்குக் கொம்பில்லை. அக்கோட்டை புதிதாய் எழுந்த காலத்திலே, மொழியை மனத்தில் இருத்துவது எங்ஙனம் என்னும் வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாக்கிய பெரியார் ஒருவர் இத்தீவில் வாழ்ந்தார் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. அவரே ஹென்றீக் ஹென்றீக்கஸ் அடிகளார். கடற்கரை மக்கள் தம் நாவுக்கிசைய அண்டிரிக் அடிகளார் என அழைத்தனர்.

அடிகளார் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் 1520ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். அவர் குடியினர் யூத மரபிலிருந்து கிறித்தவம் புக்கவர்கள். அக்காரணம் பற்றியே அவர் முதலிற் சேர்ந்த பிரான்சிஸ்கு சபையிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர்க் கோயிம்பிராவிற் கற்று, 1545இல் இயேசு சபையிற் புகுந்து, 1546இற் கோவா வந்திறங்கினார். மறு ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பெற்றார். உடல் வலியில்லாதவர், ஆயின், பிற்காலச் செயல்களை நோக்குமிடத்து, அவ்வுடலில் உறைந்த ஊக்கம் வியக்கற்பாலது.

அவர் வந்தபோது அக்கரையில் ஏற்கெனவே ஒரு மனனப் பயிற்சி நடைபெற்றுக் கொண்டிருந்தது. அதனைத் தொடங்கியவர் பிரான்சிஸ் சவேரியார். 1542ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்தார் சிலரைத் துணைக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, அத்தமிழ் ஒலிகளைத் தாமே பாடமாக்கினார். பின்பு கையில் மணி ஏந்தித் தெருத்தெருவாய் நடந்து சிறுவரைக் கூட்டி, நாடோறும் இருமுறை ஓதுவித்தார். சிறுவர் வீடு சென்று தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பித்தல் வேண்டும். ஞாயிறுதோறும் ஊரவர் அனைவரும் கூடி ஒருங்கே ஓதுதல் வேண்டும். ஓரூரை விட்டு நீங்குங்கால் செபங்களை எழுதிவைத்து, எழுத்தறிந்தார் அதனைப் படியெடுத்து நாடோறும் ஓதுமாறு பணித்துச் சென்றார்.

இம்முறை எத்துணை வன்மையுடையதென்பதை மன்னார் அறியும். சவேரியார் ஏவிய ஒருவரால் இங்குள்ளார் பலர் திருமுழுக்குப் பெற்ற சிறிது காலத்துள், 1544இல் யாழ்ப்பாணத்தரசன் சங்கிலியின் ஆணையால் 600 பேர் வரையில் இத்தீவிலே கொல்லப்பட்டனர் என்பர். ஏட்டைக் கண்டறியாத அம்மக்களிடம் இருந்ததெல்லாம் செவிவழி வந்து நெஞ்சிற் படிந்த சில செபங்களே.

ஆயினும் அம்முறையின் குறையையும் சவேரியாரே கண்டார். விசுவாச மந்திரத்தைத் தமிழாக்கியபோது, நம்புகிறேன் என்ற பொருள் வரவேண்டிய இடத்திலே வேணும் என்ற சொல் புகுந்துவிட்டது. இறைவனை நம்புகிறேன் என்பது, இறைவன் எனக்கு வேண்டும் என்றாயிற்று. பிந்தியதும் ஒருவகையில் நல்ல வேண்டுதலேயெனினும் மூலம் அதுவன்று. இப்பிழையை அறிந்த சவேரியார், அச்சொல்லை நீக்கி விசுவாசம் என்னும் சொல்லைப் பெய்து ஓதுவிக்குமாறு 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதினார். ஏட்டிலுள்ள பிழையை ஒரு கீற்றாற் களையலாம். நாவிற் படிந்த பிழையை எவ்வாறு களைவது? முன்பு பாடமான சொல் பின்பு வந்த சொல்லைத் தள்ளிக்கொண்டு முந்தி நிற்கும் என்பதை மூன்றாம் வகுப்பில் வாய்பாடு கற்பித்த ஆசிரியர் எவரும் அறிவர்.

பொருளறியா ஒலியைப் பாடமாக்குவதன் இயல்பை, சவேரியாருக்கு மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் எபிங்கௌஸ் என்னும் செருமானிய அறிஞர் அளந்து பார்த்தார். பொருளற்ற அசைகளை வேண்டுமென்றே புனைந்து, தம்மையே சோதனைப் பொருளாக்கி, ஓதியும் மறந்தும் மீண்டும் ஓதியும் கணக்கெழுதினார். அவர் முடிபுகள் 1885இல் நூலாய் வந்தன. மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. எஞ்சியதை மெல்ல மெல்லத் தின்கிறது. ஒரே மூச்சில் நூறுமுறை ஓதுவதினும், நாள்களை இடையிட்டு ஓதுவதே நிலைக்கும். சவேரியாரின் மணியோசை நாடோறும் இருமுறையும், ஞாயிறுதோறும் ஒருமுறையும் ஒலித்தமையின் பயன் இதனால் விளங்கும்.

நெட்டுருவுக்கு இன்னோர் இயல்பும் உண்டு. எங்கள் பக்கத்தில் வாசாப்பு ஆட்டுவித்த முதிய அண்ணாவியார் ஒருவரை இளமையில் யான் அறிவேன். எழுத்து வாசனை அறியாதவர். இரவு முழுதும் ஆடும் நாடகம் ஒன்று முழுமையும் அவர் நெஞ்சில் இருந்தது. ஆயின், நடுவேயுள்ள ஒரு விருத்தத்தைச் சொல்லுக என்றால் சொல்லமாட்டார். தொடக்கத்திலிருந்து முணுமுணுத்து வந்து, அவ்விடத்தை அடைந்த பின்னரே குரலெடுப்பார். சங்கிலியின் ஒரு கண்ணி அடுத்த கண்ணியை இழுக்கிறது. நடுக்கண்ணியைத் தனியே தூக்க இயலவில்லை. அந்தாதி பாடிய நம் முன்னோர் இவ்வியல்பை நன்கறிந்தே ஒன்றன் இறுதியை மற்றொன்றன் முதலாக்கினர் போலும்.

ஹென்றீக்கஸ் அடிகளார் வந்த புதிதில் மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருந்தார். அவர் ஒன்று சொல்ல மொழிபெயர்ப்போர் வேறொன்று சொல்லக்கூடும் என்னும் ஐயம் அவரை வருத்தியது. சவேரியார் செய்தவாறு ஒலிகளை மட்டும் பாடமாக்கி அமைய அவர் மனம் ஒருப்படவில்லை. வினைச்சொற்கள் காலந்தோறும் இடந்தோறும் எவ்வாறு திரிகின்றன, பெயர்கள் வேற்றுமையேற்று எவ்வாறு உருமாறுகின்றன என்று கேட்டுக்கேட்டு எழுதித் தொகுத்தார். இலத்தீன் கற்ற முறையிலே தமிழுக்கு ஓர் இலக்கணம் தமக்கென அமைத்துக்கொண்டார். சில திங்களுள் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசலானார். 1548ஆம் ஆண்டு இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இம்முறையை விளக்கி, பின்வருவோர் இதனைக் கொண்டு விரைவிற் கற்கலாம் எனத் தெரிவித்தார். உச்சரிப்பு ஒன்றே அவருக்குத் தீராத் துன்பம் தந்தது.

இதன் உண்மையை ஆசிரியர் ஊன்றி நோக்குதல் வேண்டும். படி என்பது படித்தான் ஆவதையும், பிடி என்பது பிடித்தான் ஆவதையும், அடி என்பது அடித்தான் ஆவதையும் வெவ்வேறாகப் பாடமாக்கியவன் மூன்று சொற்களை அறிவான். மூன்றிலும் நின்ற ஒழுங்கைக் கண்டவன் நடி, கடி, முடி என்பனவற்றைக் கேளாமுன்னரே அறிவான். மனம் ஒரே வேளையில் ஏந்தக்கூடிய உருப்படிகள் ஏழு அல்லது அதனை அண்மியவை என்று அமெரிக்க அறிஞர் மில்லர் 1956இல் எழுதினார். ஆயினும் அவ்வோர் உருப்படி தனி எழுத்தாகவும் இருக்கலாம்; பல சொற்களைத் தன்னுள் அடக்கிய விதியாகவும் இருக்கலாம். விரல்கள் ஐந்தே, கூடை கொண்டோன் அள்ளுவது மிகுதி. அடிகளார் அமைத்த இலக்கணம் அத்தகைய கூடை.

இவ்விடத்திலே ஒன்று சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. மனனம் என்றாலே பழிக்கும் வழக்கம் இந்நாளில் ஆசிரியரிடையே பெருகிவிட்டது. 1990இல், இருபது வயதும் நிரம்பாத நிலையில், ஏடுகளையெல்லாம் வீட்டில் விட்டு மடுக்கோயில் வளாகத்தில் அடைக்கலம் புகுந்தவர்களுள் யானும் ஒருவன். மரநிழலிற் பிள்ளைகளைக் கூட்டி இலக்கணம் சொல்லிக்கொடுக்குமாறு பெரியோர் பணித்தனர். கையில் ஒரு நூலும் இல்லை. நெஞ்சிலிருந்த நன்னூலே கைகொடுத்தது. பாடமாக்கியிராவிடின் அன்று யான் வெறுங்கையன். ஆனால் ஒரு சிறுமி, சந்தி ஏன் மிகுகின்றது என்று ஒரு சூத்திரத்தின் நடுவே கேட்டபோது, ஆசிரியர் விளக்கக்கேட்டு யான் உணர்ந்த சூத்திரங்களுக்கே விடை கூற இயன்றது. மற்றவற்றை அண்ணாவியாரைப் போல முதலிலிருந்து ஓதினேன்; அவள் முகம் வாடியது. நன்னூலாரும் பாடம் போற்றலை மட்டும் விதித்தாரல்லர். கேட்டவற்றை மீளவும் கேட்டலையும், அவைபற்றி வினாதலையும், வினாயவற்றுக்கு விடை கூறலையும் அதனோடு சேர்த்தே விதித்தார். நாம் ஒன்றைப் பிடித்து மற்றவற்றை விட்டோம்; இந்நாளில் அந்த ஒன்றையும் விடுகின்றோம்.

1549இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி அடிகள் கொலையுண்ட பின்னர், முத்துக்குளித்துறையின் தலைமை ஹென்றீக்கஸ் அடிகளாரிடம் வந்தது. 1576 வரை அச்சுமையை அவர் தாங்கினார். 1560இல் மன்னார் போர்த்துக்கேயர் கைப்பட்டதும், மறுகரையில் மதுரை நாயக்கரின் அதிகாரிகளால் அல்லலுற்ற பரதவருட் பலர் கடல் கடந்து இத்தீவிற் குடியேறினர். அவர்களோடு அடிகளாரும் வந்தார். பின்னர்ப் பலர் மறுகரைக்கே மீண்டனர். தமிழ்க் கலைக்கூடம் ஒன்றைப் புன்னைக்காயலிலேனும் மன்னாரிலேனும் நிறுவ அவர் விழைந்தார் என வரலாற்றறிஞர் கூறுவர். அது மன்னாரில் நிறைவேறியிருப்பின், இந்நாட்டுக் கல்வி வரலாறு வேறொரு பக்கத்தில் தொடங்கியிருக்கும்.

தமக்கெனத் தொகுத்த இலக்கணத்தைப் பிறர்க்குப் பயன்படுமாறு அவர் ஒழுங்குபடுத்தினார். மலபார் மொழிக்கலை என்பது அதன் பெயர். அந்நாளிற் போர்த்துக்கேயர் தமிழையும் மலபார் மொழி என்றே வழங்கினர். இலத்தீன் அறியாதார், சுவான் தே பாரோசு இயற்றிய போர்த்துக்கேய இலக்கணத்தைக் கற்று இதனுட் புகுக என வழியும் காட்டினார். அறியாத ஒன்றை அறிந்த ஒன்றோடு பிணைத்தல் என்னும் உத்தி இது.

பண்டித வகுப்பிலே அந்நூலைப்பற்றி முதன்முதலிற் கேள்வியுற்றபோது யான் நகைத்தேன். தொல்காப்பியத்தையும் நன்னூலையும் சாராது, கடற்றொழிலாளர் பேச்சை வைத்து, தமிழ்ப் பெயருக்கு இலத்தீன் வேற்றுமையைப் பூட்டியதோர் இலக்கணம் என்ன இலக்கணம் என்பது அன்றைய என் செருக்கு. பூட்டு ஆங்காங்கே பொருந்தவில்லை என்பது மெய்யே. ஆயின் அப்பேச்சு 16ஆம் நூற்றாண்டுப் பரதவர் நாவிற் பயின்றது. நம் புலவர் எவரும் அதனைக் குறித்துவைக்க எண்ணியதில்லை.

1554இல் லிஸ்பன் நகரிலே, உரோம எழுத்தில் தமிழைப் பொறித்த 38 பக்கச் செபநூலொன்று தமிழர் மூவரின் முயற்சியால் வெளிவந்திருந்தது. தமிழ் எழுத்திலேயே நூல் வரவேண்டும் என்பது அடிகளாரின் வேட்கை. முத்துக்குளித்துறைப் பரதவர் பொருளுதவினர். கோவாவிலும் பின்னர்க் கொல்லத்திலும் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களில் அச்சேறியது. இந்திய மொழியொன்றின் எழுத்திலே இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் இதுவே. மறு ஆண்டு நவம்பர் 14இற் கொச்சியிலே கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது; 120 பக்கம்.

இவ்விரண்டாம் நூல் ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் வினாவிடை வடிவினது. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பார் போர்த்துக்கேய மொழியில் இயற்றியதனை அடிகளார் தமிழாக்கினார். வினாவிடை என்பது கற்றதை மீண்டும் உள்ளே செலுத்துவதன்று. உள்ளிருப்பதை வெளியே வருவிப்பது. ஒரு பகுதியை மறுபடியும் மறுபடியும் வாசித்தாரினும், ஏட்டை மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்த்தாரே ஒரு வாரத்தின் பின்னர் மிகுதியாக நினைவு வைத்திருந்தனர் என்று ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2006இற் சோதித்துக் காட்டினர். திண்ணைப்பள்ளியில் மாலைதோறும் சட்டாம்பிள்ளை முன் ஒப்புவித்த நம் பாட்டன்மார் இதனைக் கேட்டிருப்பின் புன்னகை புரிந்திருப்பர்.

1580இற் பாவசங்கீர்த்தனம் பற்றிய நூலும், 1586இல் அடியார் வரலாறு என்னும் பெருநூலும் வந்தன. பின்னதன் பக்கங்கள் 600க்கும் மேற்பட்டவை. புனிதர்களின் வாழ்வைக் கதைகளாய்க் கூறும் அந்நூலை இயற்றியபோது அடிகளாருக்கு அகவை அறுபதைக் கடந்திருந்தது. செபத்தில் தொடங்கி வினாவிடைக்கும், வினாவிடையிலிருந்து கதைக்கும் அவர் சென்ற வழியைக் கற்பிக்கும் தொழிலினர் கருதிப் பார்ப்பாராக. கதையை எவரும் பாடமாக்குவதில்லை. கேட்டவர் தம் சொல்லிலே திரும்பச் சொல்வர்.

1600ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களிற் புன்னைக்காயலில் அடிகளார் உயிர் நீத்தார். அவருடல் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பனிமய அன்னை ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. பிற சமயத்தாரும் துயருற்றனர் என்பர். அதன்பின் அவர் நூல்களைத் தமிழுலகம் மறந்தது. லிஸ்பன் செபநூலையும் ஏனைய முதல் அச்சுநூல்களையும்பற்றி 1950களில் தமிழர்க்கு எடுத்துரைத்தவர் நம் தனிநாயகம் அடிகள். அடியார் வரலாறு 1967இல் இராசமாணிக்கம் அடிகளாரால் தூத்துக்குடியில் மறுபதிப்புப் பெற்றது. லிஸ்பன் நூலகத்தில் ஏட்டுப்படியாய்க் கிடந்த இலக்கணத்தைச் செருமானிய அறிஞர் வெர்மீர் 1982இற் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வார்ட் பல்கலைக்கழக வரிசையில் வெளிவந்தது. தம்பிரான் வணக்கத்தின் படியொன்றும் அப்பல்கலைக்கழக நூலகத்திலேயே பேணப்பட்டு வருகின்றது.