விடுமுறையில் விளைந்த கலைஞர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஆய்வுக்கூடத்தில் சில்வர் நைட்ரேட் கரைசல் கையில் பட்டுவிட்டால் விரல் கறுத்துப் போகும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அன்று போகாது. சில நாட்கள் சென்றுதான் மறையும். சென்ற ஆண்டு என் விரலில் முதன்முதலாக அக்கறை படிந்தபோது, அதே மருந்தைச் சுமந்துகொண்டு இமயமலை ஏறிய ஒரு மனிதரைப் பற்றி எங்கள் பேராசிரியர் சொன்னார். அவர்தான் சாமுவேல் போர்ன்.

இங்கிலாந்தில் 1834 இல் பிறந்த போர்ன், 1855 இல் நாட்டிங்ஹாம் நகரத்து வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். நாளெல்லாம் பேரேடும் கணக்கும்தான். ஆனால் விடுமுறை வந்துவிட்டால் காமிராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். 1858 இல் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்திற்குச் சென்று, மலையையும் நீரையும் படம்பிடித்தார். மறு ஆண்டே அவர் படங்கள் நாட்டிங்ஹாம் கண்காட்சியில் இடம்பெற்றன. 1862 இல் இலண்டன் உலகக் கண்காட்சிக்கும் சென்றன.

அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் வியப்புக்குரியது. வங்கி வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறினார்! பிள்ளைக்கு வங்கி வேலை கிடைத்தால் தெருவுக்கே இனிப்பு வழங்கும் குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு, அந்தத் துணிவின் அளவு நன்றாகவே புரியும்.

1863 இல் கல்கத்தா வந்திறங்கிய அவர், சிம்லாவில் படநிலையம் தொடங்கினார். அதுவே பின்னாளில் 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' என்று புகழ்பெற்று, கல்கத்தாவில் 2016 வரை நடந்தது. சிம்லாவிலிருந்து மூன்று முறை அவர் இமயத்தினுள் நெடும்பயணம் போனார். 1864 இல் காஷ்மீர் சென்றார். 1866 இல் மணிராங் கணவாயில், சுமார் 18,600 அடி உயரத்தில் படம் எடுத்தார். அதற்குமேல் உயரத்தில் இருபது ஆண்டுகளுக்கு எவரும் படம் எடுக்கவில்லை. கங்கை பிறக்கும் பனிப்பாறையையும் அவர் காமிரா பதிவு செய்தது.

அந்நாளில் படமெடுப்பது எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, சில்வர் நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் காமிராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். கொட்டும் பனியில் இத்தனையும் நடக்க வேண்டும். தகடு கைதவறி உடைந்தால் ஒரு நாள் உழைப்பு வீண்!

ஏரியும் மரமும் இசைந்த இங்கிலாந்துக் காட்சிகளில் பழகிய அவர் கண்ணுக்கு, மொட்டை மலைகளான இமயம் முதலில் ஏமாற்றமே தந்தது. ஆயினும் விடவில்லை. நம் உதகையும் மதுரையும் உட்பட, இந்தியாவில் அவர் எடுத்த படங்கள் இரண்டாயிரத்திற்கும் மேல்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடியையும் மருந்தையும் கூடாரத்தையும் மலைமேல் ஏற்றியவர்கள் கூலிகள். முதல் பயணத்திலேயே ஏறத்தாழ முப்பது பேர் சுமந்தனர். சுமையைப் போட்டுவிட்டு ஓடியவர்களைத் தடியால் அடித்ததைப் போர்ன் தாமே எழுதி வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாத்தா மண்டியில் மூட்டை சுமந்தவர். ஆகவே அந்தப் படங்களைப் பார்க்கும்போது என் கண் மலைச்சிகரத்தோடு நிற்பதில்லை. அதைச் சுமந்த தோள்களையும் தேடுகிறது. அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்திய வாழ்வை முடித்துக்கொண்டு 1871 தொடக்கத்தில் தாயகம் சேர்ந்த போர்ன், பருத்தித் தொழில் நடத்தினார். ஓய்வில் நீர்வண்ண ஓவியம் தீட்டினார். 1912 இல் நாட்டிங்ஹாமில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, விடுமுறை எல்லோருக்கும்தான் வருகிறது. அதில் விதைத்தவர் ஒரு வங்கி எழுத்தர், விளைந்தது பெருங்கலை. அவருடைய உழைப்பைக் கற்போம். அவர் தோளுக்குத் தர மறந்த மதிப்பை நாம் தருவோம்.