ஹாப்கின் பெரியார்
யூதக் குடியினராய வால்டெமார் ஹாப்கின் 1860-ஆம் ஆண்டில் ஒடெஸ்ஸா நகரிற் பிறந்தார். பாரிஸ் மாநகரில் வாந்திபேதிக் கிருமியை உயிருடனே வலிகுன்றச் செய்து, 1892-இல் அம்மருந்தை முதற்கண் தம்முடலிலேயே குத்திக்கொண்டார். பம்பாயிற் பிளேக் பரவியகாலை, அந்நோய்க் கிருமிகளை வெப்பத்தாற் கொன்று வேறொரு மருந்து சமைத்தார்; 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதனையும் தம்மீதே சோதித்தார்.

1902-இல், பஞ்சாபிலுள்ள முல்கோவால் என்னுஞ் சிற்றூரில், ஒரே புட்டியினின்று ஊசி குத்தப்பெற்ற 19 பேர் இரணஜன்னியால் மாண்டனர். பழி ஹாப்கின்மேல் விழுந்தது, பதவியும் போயிற்று. தம்முயிரையே முதலிற் பணயம் வைத்தவரை எங்ஙனம் ஐயுற்றனரோ, யாம் அறியோம்! ஊரிற் புட்டி திறக்கையில், தரையில் வீழ்ந்த இடுக்கியைச் செவ்வனே தூய்மை செய்யாது கையாண்டனர் என்று அறிஞர் எடுத்துக்காட்டினர். 1907-இல்தான் அவர் பழி நீங்கிற்று. 1925-இல் பம்பாய் ஆய்வுச்சாலை அவர் பெயர் பூண்டது. அவரோ ஐரோப்பாவில் ஒதுங்கி வாழ்ந்து, 1930-இல் லோசான் நகரிற் காலமானார்.